தாத்தா காருக்கு தண்ணியில கண்டம்!

ஒரு சின்ன கற்பனை. செமஸ்டர் லீவுக்கு அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்துல இருக்கிற தாத்தா வீட்டுக்குப் போறீங்க. சுண்ணாம்புக்கல் ஏத்திக்கிட்டுப் போன லாரியோட புழுதி அடங்கறதுக்குள்ள, சும்மா கொட்டகைக்குள்ள எட்டிப் பார்க்கறீங்க. கிழிஞ்ச தார்ப்பாய்க்கு அடியில ஒரு வெள்ளை அம்பாசடர்! தாத்தா ஓட்டினது. நாலு டயர்லயும் காத்து இல்ல. பானட் மேல கோழி உட்கார்ந்திருக்கு.

"எதுக்குடா இடத்தை அடைச்சுக்கிட்டு? நாளைக்குக் காயலான் கடைக்காரர் வர்றார். கிலோ கணக்குல போட்டுடலாம்"ங்கறார் அப்பா.

உங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு பொறுக்கல. "ஒரு மாசம் டைம் கொடுங்கப்பா, நான் ரெடி பண்றேன்"னு சவால் விடறீங்க. கெத்தா போய் பானட்டைத் திறக்கறீங்க.

ஸ்டாப்! அங்கதான் தப்பு.

பழைய காரைக் காப்பாத்தப் போற எல்லாரும் முதல்ல இன்ஜினைத்தான் பார்ப்பாங்க. ஆனா, இன்ஜின் போச்சுன்னா இறக்கி ரிப்பேர் பண்ணலாம், வேற இன்ஜின்கூட ஏத்தலாம். பாடி போச்சுன்னா கதை முடிஞ்சது. ஏன்னா, அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. இங்கிலாந்து 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு' காரைப் பார்த்து உருவான வண்டி அது. பாடியே சேஸிஸ், சேஸிஸே பாடி. தரைத் தகடு துருப்பிடிச்சா, வீட்டுக்கு அஸ்திவாரம் உளுத்த மாதிரி!

அதனால பானட்டை மூடிட்டு, டிரைவர் சீட்டுக்கு முன்னால காலடியில கிடக்கிற மிதியடியைத் தூக்குங்க. ஈர வாடை அடிக்குதா? தகட்டுல சிவப்பா செதில் செதிலா உரியுதா? அந்தத் தண்ணி கீழேயிருந்து வந்திருக்கும்னு நினைப்பீங்க. பாதி கேஸ்ல அது மேலேயிருந்து வந்தது பாஸ். முன் கண்ணாடியைச் சுத்தி இருக்கே ஒரு கறுப்பு ரப்பர்... 'பீடிங்'னு சொல்வாங்களே... அது வெடிச்சு, அதுவழியா ஐப்பசி, கார்த்திகை மழை வருஷா வருஷம் சொட்டுச் சொட்டா இறங்கியிருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால வழிஞ்சு, ஒயரை நனைச்சு, மிதியடிக்கு அடியில தேங்கி, சத்தமில்லாம காரைத் தின்னிருக்கும்.

தாத்தா காருக்குத் தண்ணியில கண்டம். அந்தக் கண்டத்தை எப்படிக் கழிக்கறதுன்னு பார்ப்போமா?

கண்ணாடி எப்படி நிக்குது?

இப்ப வர்ற கார்கள்ல முன் கண்ணாடியை பாலியூரித்தேன் பசை போட்டு பாடியோட ஒட்டிடறாங்க. கண்ணாடியும் பாடியோட பலத்துல ஒரு பங்கைத் தாங்கும். பல கார்கள்ல பயணி பக்கத்து ஏர்பேக் விரியும்போது அதுக்கு முட்டுக் கொடுக்கறதே முன் கண்ணாடிதான்.

அம்பாசடர், ஃபியட் மாதிரி பழைய வண்டிகள் வேற ஜாதி. அங்க பசை கிடையாது. ரப்பர்தான் எல்லாம். அந்த ரப்பரை வெட்டிப் பார்த்தா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பள்ளம் தெரியும். ஒரு பள்ளத்துல கண்ணாடியோட விளிம்பு உட்காரும். இன்னொரு பள்ளம் பாடி ஃப்ரேமோட விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். அவ்வளவுதான். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் இரும்பு, நடுவுல ரப்பர்னு ஒரு சமாதானத் தூதுவர்!

ஸோ, தண்ணி உள்ளே வர மூணு வழி இருக்கு. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல. ரப்பருக்கும் பாடிக்கும் நடுவுல. ரப்பரோட ரெண்டு முனை சேர்ற ஒட்டுல. வெயில்ல காய்ஞ்சு ரப்பர் சுருங்கறப்ப இந்த மூணும் ஒவ்வொண்ணா வாயைத் திறக்கும்.

ரெட்டிபாளையம் கல்லுக்கும் கண்ணாடிக்கும் என்ன சொந்தம்?

கொஞ்சம் கெமிஸ்ட்ரி, பயப்படாதீங்க!

கார் கண்ணாடியில பெரும்பங்கு மணல். நூத்துக்கு எழுபதுக்கு மேல சிலிக்கா. மணலை மட்டும் உருக்கறதுன்னா சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேணும். அந்தச் சூட்டைக் குறைக்க சோடா சாம்பல் சேர்க்கறாங்க. ஆனா, மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்தா வர்றது தண்ணியில கரையற ஒரு கண்ணாடி! மழை பெஞ்சா கரையற கண்ணாடியை வெச்சு என்ன பண்றது? அதைக் காப்பாத்தறதுதான் மூணாவது சரக்கு... சுண்ணாம்புக்கல்.

ஆமா பாஸ், ரெட்டிபாளையத்துல சிமென்ட் ஆலையை வாழவைக்குதே, அதே இனத்துக் கல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால அரியலூர் வட்டாரம் கடலா இருந்தப்ப, சிப்பியும் சங்கும் படிஞ்சு படிஞ்சு உருவான கல். சிமென்டுக்குப் போற கல் அப்படியே கண்ணாடிக்குப் போகாது. கண்ணாடிக்கு இரும்புச் சத்து ரொம்பக் குறைவான கல் வேணும், இல்லேன்னா பச்சை அடிக்கும். ஆனா வேலை ஒண்ணுதான். கண்ணாடியைத் தண்ணியிலேர்ந்து காப்பாத்தறது சுண்ணாம்பு. கண்ணாடியைச் சுத்தி இருக்கிற இரும்பைக் காப்பாத்தறதுதான் உங்க வேலை!

இன்னொரு விஷயம். சிமென்ட், சுண்ணாம்புக்கல் தூசி படியற ஊர்ல, காலையில எழுந்ததும் காய்ஞ்ச துணியால கண்ணாடியைத் துடைக்கறது மகா பாவம். தூசியில இருக்கிற துகள் உப்புத்தாள் மாதிரி கோடு போடும். அதுவும் சிமென்ட் தூசியில பனி பட்டா கெட்டியாப் பிடிச்சுக்கும். முதல்ல தண்ணியை ஊத்தி ஓட விடுங்க. அப்புறம்தான் துணி, அப்புறம்தான் வைப்பர்.

கழற்றும் படலம்

முதல் ரூல்: கையில தடிமனான கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. தனியா இறங்காதீங்க, கூட ஒரு ஆள் கட்டாயம். டிங்கரிங் வேலை தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் கிடைச்சா அவரை விடாதீங்க. டீ, வடை உங்க செலவு!

முதல்ல வைப்பர் கையைக் கழற்றி வைங்க. அப்புறம் கண்ணாடியைச் சுத்தி ஓடற பளபளப் பட்டை. 'சில்வர் பீடிங்'. சில கார்கள்ல இது ரப்பர்லயே இருக்கிற காடியில சொருகியிருக்கும். சில கார்கள்ல பாடியில அடிச்ச சின்ன கிளிப்புகள்ல மாட்டியிருக்கும். ரெண்டுல எதுன்னு தெரியாம திருப்புளியை விட்டு நெம்பினீங்கன்னா பட்டை மடங்கிடும். மடங்கின பட்டையை நிமிர்த்தினாலும் அந்தத் தழும்பு வெயில்ல பல்லிளிக்கும். அதனால முதல்ல நடுவுல இருக்கிற இணைப்பு மூடியைத் தள்ளி எடுங்க. அங்கேயிருந்து ஒரு சாண், ஒரு சாணா நகர்ந்து போங்க. கழற்றினதை சுவத்துல சாய்க்காம, தரையில நீளமாப் படுக்கப் போடுங்க. எந்தப் பக்கம் எதுன்னு டேப் ஒட்டி எழுதிடுங்க.

அப்புறம் ரப்பர். பழைய ரப்பரைக் காப்பாத்தணும்னு ஆசைப்படாதீங்க. வெளிப்பக்க உதட்டை பிளேடால சுத்திலும் அறுத்து எடுத்துட்டா, கண்ணாடி தானா விட்டுக் கொடுக்கும். புது ரப்பர் வாங்கிக்கலாம். பழைய வளைவுக் கண்ணாடி உடைஞ்சா அலையணும்! பழைய ஜீப்போட தட்டைக் கண்ணாடின்னா அளவு கொடுத்து வெட்டி வாங்கலாம். அம்பாசடர் மாதிரி வளைஞ்ச கண்ணாடிக்கு அச்சு வேணும்.

பளபளப்புக்குக் கீழே என்ன இருக்கு?

கண்ணாடி இறங்கினதும் ஃப்ரேமைப் பாருங்க. குறிப்பா கீழ்ப்பக்க ரெண்டு மூலை. தண்ணி தேங்கற இடம் அதுதான். மேலே பெயின்ட் நல்லாத்தான் இருக்கும். திருப்புளி முனையால மெல்ல அழுத்தினா... பொசுக்குனு உள்ளே போகும்!

இங்கதான் பல பேர் ஏமாறுவாங்க. ஓட்டையில பட்டி அடைச்சு, மேலே பெயின்ட் அடிச்சு, புது ரப்பர் மாட்டி, பட்டையைப் பளபளன்னு தேய்ச்சுடுவாங்க. ஆறு மாசம் சூப்பரா இருக்கும். உள்ளே துரு அதுபாட்டுக்கு ஹோம்வொர்க் பண்ணிட்டிருக்கும். ரெண்டாவது மழையில பட்டி உப்பிக்கிட்டு வரும்.

சரியான வழி என்ன? உளுத்த தகட்டை வெட்டி எடுத்துட்டு, நல்ல தகடு வெச்சு வெல்டிங். அந்த விளிம்பு பழைய தடிமன்லயே இருக்கணும். தடிச்சுப் போச்சுன்னா ரப்பர் கவ்வாது. அப்புறம் துருவைச் சுரண்டி, பிரைமர், பெயின்ட். கிளிப் மாட்டற ஒவ்வொரு ஓட்டையோட உள்விளிம்புக்கும் பெயின்ட் தொட்டு வைங்க. துரு முதல்ல ஆரம்பிக்கற இடம் அது. பெயின்ட் நல்லாக் காயறவரைக்கும் கண்ணாடி பக்கமே போகாதீங்க. அவசரப்பட்டா ரப்பர் பெயின்டோட ஒட்டிக்கிட்டு உரிச்சிடும்.

எந்தக் கண்ணாடி?

கண்ணாடியோட விளிம்பை வெளிச்சத்துல பாருங்க. நடுவுல ஒரு கோடு தெரிஞ்சா அது லேமினேட்டட். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம். உடைஞ்சா சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும், ஆனா உதிராது. கோடு இல்லாம ஒரே கண்ணாடியா இருந்தா அது டஃபன்டு. உடைஞ்சா சோளப்பொரி மாதிரி துண்டு துண்டா சிதறும். முன் கண்ணாடியில அது நடந்தா, ஒரு கல் பட்டதும் மொத்தமும் பனி மூடின மாதிரி வெளுத்து, எதிர்ல வர்ற லாரி தெரியாது.

லேமினேட்டட் கண்ணாடி பிறந்த கதை சுவாரஸ்யம். 1903-ல் எத்வார் பெனடிக்டஸ்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி, அலமாரியிலேர்ந்து ஒரு கண்ணாடிக் குடுவையைத் தவறவிட்டார். உடைஞ்சது, ஆனா சிதறல. முன்னாடி அதுல வெச்சிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ஞ்சு உள்பக்கம் படலமா ஒட்டியிருந்தது! கார் விபத்துல கண்ணாடி குத்திக் காயம்படறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டதும் இந்தக் குடுவை அவருக்கு ஞாபகம் வந்தது. 1909-ல் காப்புரிமை வாங்கினார்.

நம்ம ஊர்ல, 1993-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள்ல கொண்டுவந்த திருத்தத்துக்கு மூணு வருஷம் கழிச்சு தயாரான வண்டிகளுக்கு முன் கண்ணாடி லேமினேட்டடா இருக்கணும். தாத்தா கார் அதுக்கு முந்தினதா இருந்தா, டஃபன்டு கண்ணாடியே இருக்கலாம். ஒரிஜினல் ஒரிஜினல்னு அடம்பிடிக்காம, மாத்தற சமயத்துல லேமினேட்டடுக்கு மாறிடுங்க. உயிர்தான் முதல் ஒரிஜினல்!

கயிறு வித்தை!

இப்பதான் க்ளைமாக்ஸ். புது ரப்பர் வாங்கறப்ப பழைய ரப்பர்ல ஒரு சாண் வெட்டிக் கையில எடுத்துட்டுப் போங்க. பள்ளத்தோட ஆழமும் அகலமும் ஒத்துப் போகணும். சென்னைப் பக்கம் போறவங்களுக்கு இருக்கவே இருக்கு புதுப்பேட்டை.

ரப்பரைக் கொஞ்ச நேரம் வெயில்ல போடுங்க. அரியலூர் வெயிலுக்கு இளகி வரும். கண்ணாடியை பெஞ்ச் மேல கம்பளி விரிச்சுப் படுக்க வெச்சு, சுத்திலும் ரப்பரை மாட்டுங்க. நீளம் வெட்டறப்ப சரியா வெட்டாதீங்க, கொஞ்சம் கூடுதலா விடுங்க. முனைகள் ஒண்ணையொண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கணும். இழுத்துப் பிடிச்சு மாட்டினா நாலு மாசத்துல சுருங்கி, ஒட்டு வாயைப் பிளந்துடும்.

இங்க ஒரு எச்சரிக்கை. சில வண்டிகள்ல பளபளப் பட்டையை ரப்பர்ல சொருகிட்டுத்தான் கண்ணாடியை ஏத்தணும். சில வண்டிகள்ல ஏத்தின பிறகு சொருகணும். இது தெரியாம கண்ணாடியை மாட்டி முடிச்சுட்டு, கையில பட்டையோட முழிக்கறவங்க ஏராளம். கழற்றறப்பவே கவனிச்சு எழுதி வெச்சுக்கோங்க.

இப்ப ரப்பரோட இன்னொரு பள்ளத்துல, அதாவது பாடியைக் கவ்வப்போற பள்ளத்துல, பென்சிலைவிட மெல்லிசான வழவழப்பான நைலான் கயிறைச் சுத்திலும் போடுங்க. ரெண்டு முனையும் கீழ்ப்பக்கம் நடுவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, காருக்குள்ள தொங்கணும். ஃப்ரேம் விளிம்புலயும் ரப்பர்லயும் சோப்புத் தண்ணி தடவுங்க. கிரீஸ், ஆயில் தொடவே தொடாதீங்க. ரப்பர் ஊறி உப்பிடும்.

நீங்க வெளியே, ஃப்ரெண்டு உள்ளே. கண்ணாடியைத் தூக்கி ஃப்ரேம்ல நடுவா பொருத்துங்க. நீங்க உள்ளங்கையால வெளியேயிருந்து சீரா அழுத்தணும். அதே இடத்துல ஃப்ரெண்டு உள்ளேயிருந்து கயிறை மெல்ல இழுக்கணும். கயிறு வெளியே வர வர, ரப்பரோட உதடு விளிம்பைத் தாண்டி உள்பக்கம் 'டப்'புனு விழும். கீழ்ப்பக்கம் முதல்ல, அப்புறம் மூலைகள், பக்கவாட்டு, கடைசியா மேல்பக்கம்.

மூலையில சிக்குச்சுன்னா குத்தாதீங்க! கண்ணாடி நடுவுல அழுத்தத்தைத் தாங்கும், விளிம்புல ஒரு சின்ன இடி போதும், பட்டுனு விரிசல். நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணி. மறுபடியும் ட்ரை. ரெண்டு பேரும் ஒரே தாளத்துல இருக்கணும். ஒருத்தர் அவசரப்பட்டா ரெண்டு பேர் உழைப்பும் காலி.

உட்கார்ந்தாச்சா? சோப்புத் தண்ணி காய்ஞ்சதும், ரப்பர் உதட்டை லேசா தூக்கி, கண்ணாடிப் பக்கமும் பாடிப் பக்கமும் கெட்டியாகாத சீலன்டை மெல்லிசா விடுங்க. ஒட்டுல கூடுதல் கவனம். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சிலிக்கான் எல்லாமே சீலன்ட்தானேன்னு நினைக்காதீங்க. வினிகர் வாடை அடிக்கற சிலிக்கான், காயறப்ப அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். துருவைத் தடுக்கப் போய் துருவுக்கே விருந்து வெச்ச கதை! அதோட, சிலிக்கான் பட்ட இடத்துல பெயின்டும் ஒட்டாது.

சொருகற பட்டையா இருந்தா, காடியில சோப்புத் தண்ணி விட்டு, ஒரு முனையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா உட்கார வைங்க. அதோட கண்ணாடி வேலை ஓவர்!

பரீட்சை இருக்கு!

ஒரு நாள் விட்டு, தண்ணி டெஸ்ட். ஃப்ரெண்டை டார்ச்சோட காருக்குள்ள உட்கார வைங்க. ஓஸ்ல தண்ணியை மெதுவா விடுங்க. முதல்ல கீழ்விளிம்பு, அப்புறம் பக்கவாட்டு, கடைசியா மேலே. எடுத்த எடுப்புல மேலே ஊத்தினா, ஒழுகற இடம் எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. கண்ணாடி ஒழுகல, ஆனாலும் மிதியடி நனையுதா? வைப்பர் தண்டு வர்ற ஓட்டை, பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற காத்து வழி, கதவு ரப்பர்... இதையும் சோதிங்க.

ரோட்டுக்கு வரலாமா?

15 வருஷம் தாண்டின சொந்தக் காருக்கு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துல வண்டியைக் காட்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். 50 வருஷம் தாண்டின வண்டிக்கு, 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'வின்டேஜ்' பதிவு வாங்கலாம். நம்பர் பிளேட்ல 'வி.ஏ.'ங்கற எழுத்து வரும். ஆனா, அதை தினமும் காலேஜுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. கண்காட்சி, பேரணி மாதிரி விசேஷங்களுக்கு மட்டும்தான். எந்தப் பதிவா இருந்தாலும் கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் வேண்டாம். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டாச்சு.

ஒழுங்கா பராமரிச்ச பழைய கார் எப்படி இருக்கும்னு பார்க்க ஆசையா? கோயம்புத்தூர் அவிநாசி ரோட்ல ஜீடீ கார் மியூசியம் இருக்கு. போறவங்க பெயின்டைப் பார்த்துட்டு வந்துடாதீங்க. கண்ணாடி ஓரமா ரப்பர் எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாருங்க.

அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாசத்தோட நின்னு போச்சு. பிரீமியர் பத்மினி அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுடுச்சு. மும்பையில பத்மினி டாக்சிகூட 2023 அக்டோபரோட ரோட்டை விட்டு இறங்கிடுச்சு. இனிமே ஒவ்வொரு பழைய கார் காயலான் கடைக்குப் போறப்பவும் உலகத்துல ஒண்ணு குறையுது. அதோட, கயிறு இழுத்துக் கண்ணாடி மாட்டத் தெரிஞ்ச பெரியவருக்கு ஒரு வேலையும் குறையுது. புதுக் கார்களுக்கு அந்த வித்தை தேவையில்ல. அவர்கிட்ட இப்ப கத்துக்கலேன்னா, அப்புறம் கேட்க ஆள் இருக்காது.

ஒரு மாசம் கழிச்சு, தாத்தா காருக்கு இன்ஜின் இன்னும் ஸ்டார்ட் ஆகாம இருக்கலாம். பரவாயில்ல, அடுத்த லீவுக்குப் பார்த்துக்கலாம். ராத்திரி மழை பெஞ்சு, காலையில அப்பாவைக் கூட்டிட்டுப் போய் மிதியடியைத் தூக்கிக் காட்டுங்க. காய்ஞ்சு கிடந்தா, காயலான் கடைக்காரருக்கு அப்பாவே போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிடுவார்.

என்ன பாஸ்... வீட்ல நைலான் கயிறு இருக்கா?